கர்ர்ர்... என்றால் கம்ப்ரசர் அல்ல!

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு வகையில் சங்கீத விமரிசகர்கள்தாம். புதுக் கார்க்காரர் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார். பழைய கார்க்காரர் பாட்டை நிறுத்திவிட்டுக் காரைக் கேட்டுக்கொண்டு போவார். 'கடக் கடக்' என்றால் சஸ்பென்ஷன் புஷ், 'கீச்' என்றால் பிரேக் பேட், 'டிக் டிக்' என்றால் டாப்பெட், 'தட தட' என்றால் சைலன்ஸர் கிளாம்ப் என்று ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துவிடுவார். அவரும் விழிக்கிற இடம் ஒன்று உண்டு. பானட்டுக்குள்ளிருந்து, ஏ.ஸி. பக்கமாக, கிரைண்டரில் உளுந்து போடாமல் ஓட்டினது மாதிரி 'கர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் தீர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். 'கம்ப்ரசர் போச்சு!'

பங்க்கில் காற்றுப் பிடிக்கிற பையன் சொல்வான். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்வார். கோயமுத்தூரில் இருக்கிற மச்சினன் போனிலேயே சொல்வான். காரைப் பார்த்திருக்க மாட்டான், சத்தத்தையும் கேட்டிருக்க மாட்டான். இருந்தாலும் 'கம்ப்ரசர்தான் மாப்ளே, சந்தேகமே இல்ல' என்பான்.

இந்த வாரம் அந்தக் 'கர்ர்ர்' பற்றித்தான். காரே இல்லாதவர்களும் படிக்கலாம். ஏனென்றால் இது கடைசியில் காரைப் பற்றியது மட்டும் இல்லை.

முதலில் என் காரின் ஜாதகம். 1999-ம் வருடத்து வண்டி. சொந்தக் கார்களுக்கு 15 வருடம் முடிந்ததும் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு தரம். என்னுடையது அந்தப் பரீட்சைகளையெல்லாம் முதல் அட்டெம்ப்ட்டிலேயே பாஸ் பண்ணிய வண்டி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் உழைத்த வண்டியில் ஒரு சத்தம் வந்ததற்குக் கம்பெனியைக் குறை சொல்வது, எழுபது வயசு மூட்டு வலிக்குப் பிரசவம் பார்த்த டாக்டரைத் திட்டுவது மாதிரி.

மே மாதம். அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது. சென்னையில் மே மாதம் என்றால் என்ன என்பதற்கு உதாரணம் வேண்டுமானால் 2003 மே மாதக் கடைசியை விசாரித்துப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்ஷியஸ். அப்படிப்பட்ட மாதத்தில் எல்.ஐ.ஸி. சிக்னலில் நிற்கும்போது பானட்டுக்குள் 'கர்ர்ர்' ஆரம்பித்தது. பின் சீட்டில் எண்பத்திரண்டு வயது மாமியார். பக்கத்தில் மனைவி.

"ஏங்க, ஏ.ஸி.யை நிறுத்திடுங்க. வெடிச்சிடப் போவுது."

நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. மாமியாருக்கு வேர்த்ததுதான் மிச்சம். சத்தம் நிற்காதது எவ்வளவு முக்கியமான தடயம் என்பதற்குப் பின்னால் வருகிறேன். துப்பறியும் கதையில் நாய் குரைக்காத கட்டம் மாதிரி அது.

அடுத்த நாள் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏ.ஸி. போட்ட கண்ணாடி அறை, இலவசக் காபி, டை கட்டின இளைஞர். பானட்டைத் திறந்து, கை படாமல் ஒரு நிமிஷம் பார்த்தார். கோயில் மூலவரைப் பார்க்கிற பக்தி. பிறகு கம்ப்யூட்டரில் தட்டி ஒரு காகிதத்தைக் கொடுத்தார். கம்ப்ரசர் ஒன்று, டிரையர் பாட்டில் ஒன்று, ஓ-ரிங் செட், ஆயில், கேஸ், லேபர், வரி. மொத்தம் 26,400 ரூபாய். அந்த வண்டியை இன்றைக்கு விற்றால் கிடைக்கக்கூடிய தொகையில் கிட்டத்தட்டப் பாதி.

"பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"சவுண்ட் கேட்டாலே தெரியும் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். காபி நன்றாகத்தான் இருந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

கார் ஏ.ஸி.யின் இதயம் கம்ப்ரசர். வாயுவை அமுக்கி, சூடாக்கி, முன்னால் இருக்கிற கண்டென்ஸருக்குத் தள்ளுகிற பம்ப். அதைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் நுனியில் ஒரு புல்லி, கம்ப்ரசரின் மூக்கில் ஒரு புல்லி, இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பெல்ட். கிணற்றடி பம்ப்செட்டைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

பெல்ட் என்று வந்தால் தொய்வு வரும். தொய்ந்தால் வழுக்கும். வழுக்கினால் 'கீஈஈச்' என்று கத்தும், ஏ.ஸி. குளிராது. அதனால் நடுவில் மூன்றாவதாக ஒரு புல்லி வைத்து பெல்ட்டை விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இதுதான் டென்ஷனர் புல்லி. ஐட்லர் என்றும் சொல்வார்கள். சோம்பேறி என்று அர்த்தம். பெயர் வைத்தவர் யாரோ, பாவம், அதன் வேலையைக் கூடவே இருந்து பார்த்ததில்லை.

அது எந்த எந்திரத்தையும் ஓட்டுவதில்லை என்பது நிஜம். ஆனால் நிற்காமல் சுற்றுகிறது. என் வண்டியில் கிராங்க் புல்லி பெரியது, ஐட்லர் ஏறக்குறைய அதில் பாதி. ஆகவே இன்ஜின் ஒரு தரம் சுற்றினால் இது இரண்டு தரம் சுற்றும். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் இது 6,000. ஒரு மணி நேரத்தில் 3,60,000 சுற்று. தினம் ஒரு மணி நேரம் என்று வருஷத்துக்கு 300 நாள் ஓட்டினால் 10 கோடியே 80 லட்சம்! சோம்பேறிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

இதில் இன்னொரு விஷயம். நீங்கள் ஏ.ஸி.யை அணைத்தாலும் இந்தப் புல்லி நிற்காது. மார்கழி மாதம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏ.ஸி. பட்டனைத் தொடாமல் திருவையாறு வரை போய்விட்டு வந்தாலும், இது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஏனென்றால், ஏ.ஸி. பட்டனை அழுத்தினால் பெல்ட் ஓட ஆரம்பிக்கும் என்று நாம் நினைப்பது தப்பு. பெல்ட் எப்போதும் ஓடுகிறது. கம்ப்ரசர் மூக்கில் இருக்கிற புல்லியும் எப்போதும் ஓடுகிறது. பட்டனை அழுத்தினால், அந்தப் புல்லிக்குப் பின்னால் இருக்கிற காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறது. அது முன்னால் இருக்கிற இரும்புத் தட்டை 'டக்' என்று இழுத்து ஒட்டவைக்கிறது. அப்போதுதான் கம்ப்ரசரின் உள் உறுப்புகள் சுற்றும். அந்த 'டக்'கைப் பழைய கார்க்காரர்கள் கேட்டிருப்பீர்கள். மேக்னெட்டிக் கிளட்ச் என்று பெயர்.

இந்தக் கிளட்ச் எவ்வளவு பெரிய உபகாரம் என்பது, இது இல்லாத காலத்தைப் பற்றிக் கேட்டால் தெரியும். கம்பெனியிலேயே ஏ.ஸி. பொருத்தி விற்ற முதல் கார், அமெரிக்காவின் பேக்கார்ட். 1940-ம் வருட மாடல். கூடுதல் விலை 274 டாலர். டிக்கியில் பாதி இடத்தை ஏ.ஸி.யே அடைத்துக்கொள்ளும். கிளட்ச் கிடையாது. குளிர் அதிகமாகி ஏ.ஸி.யை நிறுத்த வேண்டும் என்றால் காரை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! மறுபடி வியர்த்தால் மறுபடி மாட்ட வேண்டும். பணக்காரர்கள் வாங்கிய கார். அவர்கள் வீட்டு டிரைவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டே வருஷத்தில், 1941 மாடலோடு அந்த ஏ.ஸி.யை நிறுத்திவிட்டார்கள்.

சரி, கர்ர்ர்ருக்கு வருவோம்.

புதுப்பேட்டையில் ஒரு சந்து. பழைய இன்ஜின், பழைய கதவு, பழைய டயர் எல்லாம் கோபுரமாக அடுக்கியிருக்கும் பேட்டை. அந்தச் சந்தில் முக்கால்வாசி ஏ.ஸி. ரிப்பேர் மட்டும் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அறுபது தாண்டியவர். கடைக்குப் போர்டு கிடையாது. கேட்டால், "போர்டு வெச்சா வாடகை ஏத்திடறான் சார்" என்பார்.

பாய் பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் பீடி பிடிக்காத நேரத்துப் பொறுமையோடு நின்றார். "ஏ.ஸி. போடுங்க... நிறுத்துங்க... போடுங்க... நிறுத்துங்க." நாலு தடவை.

"ஏ.ஸி. போட்டாலும் கத்துது, நிறுத்தினாலும் கத்துது. கரெக்டா?"

"கரெக்ட் பாய்."

"அப்போ கம்ப்ரசர் உள்ள கெட்டிருக்க சான்ஸ் கம்மி சார். ஏ.ஸி. ஆஃப்ல கம்ப்ரசர் உள்ள ஒண்ணுமே சுத்தாதே. தூங்கறவன் எப்படி சார் பேசுவான்?"

குறட்டை விடலாமே என்று கேட்க நினைத்தேன். நிபுணர்களிடம் அதிகம் பேசக் கூடாது.

அடுத்து, தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் நாலு சொட்டு விட்டார். சத்தம் மாறவில்லை. "பெல்ட் வழுக்கற சத்தமா இருந்தா, தண்ணி பட்டதும் கொஞ்ச நேரம் வாயை மூடும். இது மூடல. அப்ப பேரிங்."

பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியைக் கம்ப்ரசர் உடம்பில் வைத்தார். ஆல்டர்னேட்டரில் வைத்தார். கடைசியாக டென்ஷனர் பிராக்கெட்டில், சுற்றாத நடு போல்ட்டில் வைத்தார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிறபோது நாம் மூச்சை இழுத்துப் பிடிப்போமே, அந்த மாதிரி நான் பிடித்தேன். (இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். துப்பட்டா, டை, தொளதொள சட்டைக் கை எதுவாக இருந்தாலும் பெல்ட் இழுத்துக்கொண்டு போய்விடும். விரலுக்கும் அது மரியாதை தராது.)

"இங்க வந்து கேளுங்க சார்."

கேட்டேன். மணலை வாயில் போட்டுக்கொண்டு யாரோ மெல்கிறார்கள்.

இதோடு முடிக்கவில்லை அவர். இன்ஜினை அணைத்து, டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டையே கழற்றிவிட்டார். என் வண்டியில் ஏ.ஸி.க்குத் தனி பெல்ட். அதனால் அது இல்லாமல் இன்ஜின் சுகமாக ஓடும். ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் இல்லை! இன்ஜின் அந்த வயசிலும் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. மறுபடி அணைத்துவிட்டு, கம்ப்ரசர் புல்லியைக் கையால் சுற்றினார். அமைதி. டென்ஷனர் புல்லியைச் சுற்றினார். 'கர கர கர.' விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் காட்டியது. நல்ல புல்லி கையால் சுற்றினால் சத்தமில்லாமல், லேசாகக் கை பிடித்து நிறுத்தினது மாதிரி நின்றுவிடும். உள்ளே கிரீஸ் இருக்கிறது என்று அர்த்தம். கிரீஸ் காய்ந்தது ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். குண்டு தேய்ந்தது அரைக்கும்.

மொத்தம் பத்து நிமிஷம்.

புல்லியைக் கழற்றி, நடுவிலிருந்த சர்க்ளிப்பை எடுத்து, சாக்கெட் ஒன்றை வைத்து, வைஸில் மெதுவாக அமுக்கி, பேரிங்கை வெளியே தள்ளினார். துணியால் துடைத்து என் கையில் வைத்தார். விளிம்பில் எண்: 6203.

இந்த எண்ணைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். பேரிங் உலகத்தில் ஜாதி, மதம், மொழி கிடையாது. எண்தான். 6 என்றால் சாதாரண குண்டு பேரிங். 2 என்றால் தடிமன் வகை. கடைசி இரண்டு இலக்கம் நடு ஓட்டை. 00 என்றால் 10 மில்லி மீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து அஞ்சால் பெருக்கிக்கொள்ள வேண்டியது. 04 என்றால் 20, 05 என்றால் 25. ஆக 6203 என்றால் உள் ஓட்டை 17, வெளி விட்டம் 40, தடிமன் 12 மில்லி மீட்டர். ஸ்வீடனில் செய்தாலும் சரி, ஜப்பானில் செய்தாலும் சரி, இதே அளவுதான். எத்தனையோ மின்சார மோட்டார்களுக்குள்ளும் இதே 6203 உட்கார்ந்திருக்கிறது. மனிதர்கள் ஒற்றுமைக்கு வராத விஷயத்தில் குண்டுகள் வந்துவிட்டன.

குண்டு பேரிங்குக்கு முதல் பேடன்ட் வாங்கியவர் வேல்ஸ் தேசத்து ஃபிலிப் வான், 1794-ல், குதிரை வண்டி அச்சுக்காக. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் யோசனை அதேதான். வழுக்குவதைவிட உருளுவது சுலபம். அரசியல்வாதிகளுக்கும் தெரிந்த தத்துவம்.

புது பேரிங் வாங்க ஜி.பி. ரோடுக்குப் பையனை அனுப்பினார் பாய். "2ஆர்.எஸ். கேட்டு வாங்குடா. டப்பால இருக்கணும், பேப்பர்ல சுத்தினது வாங்காத" என்று சொல்லி அனுப்பினார். 2ஆர்.எஸ். என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது. இஸட் இஸட் என்று தகர மூடி போட்டதும் உண்டு, ஆனால் மழையில் குளத்தில் நீந்துகிற நம் ஊர் கார்களின் வயிற்றுக்குள் ரப்பர்தான் உசிதம். பிரபல கம்பெனி பெயர் அச்சடித்த போலிப் பேரிங்கும் மார்க்கெட்டில் உண்டு. அதனால்தான் டப்பா, பில், தெரிந்த கடை என்கிற விதி. பேரிங் 230 ரூபாய். கூடவே புது பெல்ட் 480. பழைய பெல்ட்டின் உள்பக்கம் பூராவும் சாணி மெழுகின தரை மாதிரி வெடித்திருந்தது.

பேரிங்கைப் புல்லிக்குள் பொருத்துகிற இடத்தில்தான் ஒரு நுணுக்கம். பதினெட்டு வயசுப் பையன் சுத்தியலை எடுத்தான். பாய் அவன் கையைப் பிடித்தார்.

"எங்கடா அடிப்ப?"

"நடுவுல பாய்."

"நடுவுல அடிச்சா அடி எங்க போவும்? உள் வளையத்துல பட்டு, குண்டு வழியா, வெளி வளையத்துக்குப் போவும். குண்டு உக்கார்ற தடத்துல குழி வுழும். புது பேரிங்கைப் பொருத்தறதுக்கு முன்னாடியே சாவடிச்சிட்ட. எந்த வளையம் டைட்டா உக்காருதோ அந்த வளையத்தைத்தான் தள்ளணும்."

புல்லிக்குள் டைட்டாக உட்காருவது வெளி வளையம். பழைய பேரிங்கையே புது பேரிங்கின் மேல் நேராக வைத்து, வெளி வளையத்தில் மட்டும் படும்படி பக்குவமாய் அமுக்கினார். வைஸ் திருகத் திருக, தயிர்சாதத்தில் ஊறுகாய் இறங்குகிற மாதிரி இறங்கியது. சர்க்ளிப் போட்டு, பெல்ட் மாட்டி, அட்ஜஸ்டிங் போல்ட்டைத் திருகி, பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். என் வண்டிக்கு ஏறக்குறைய 10 மில்லி மீட்டர் இறங்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அதனதன் மேனுவலில் போட்டிருக்கும். ரொம்ப டைட் வைத்தால் பெல்ட் சத்தமே போடாது, எல்லோருக்கும் சந்தோஷம், ஆறு மாதத்தில் எல்லாப் பேரிங்கும் ஒன்றாய்ச் செத்துப்போகும். ரொம்ப லூஸ் விட்டால் கீச் கீச். குழந்தை வளர்ப்பு மாதிரிதான்.

கேஸைத் திறக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். புல்லி வேலைக்கும் கேஸுக்கும் சம்பந்தமே கிடையாது. கேஸ் பைப் எதையும் கழற்ற வேண்டியதில்லை. 'புல்லி மாத்தணும், கேஸ் இறக்கி ஏத்தணும்' என்று யாராவது சொன்னால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வண்டி வாயை மூடிக்கொண்டது. உள்ளே ஜில்.

பாய் கணக்குச் சொன்னார். பேரிங் 230, பெல்ட் 480, லேபர் 600. மொத்தம் 1,310.

கூட வந்திருந்த பக்கத்து ஃப்ளாட் மாமாவுக்கு இது தாங்கவில்லை. "என்ன பாய் அநியாயமா இருக்கு? 230 ரூபாய் சாமானை மாத்த 600 ரூபாய் கூலியா? மொத்தமா ஆயிரம் வாங்கிக்கோங்க."

பாய் கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், இதே வண்டிக்கு நான் கம்ப்ரசர் மாத்திட்டு 20,000 சொல்லியிருந்தா நீங்க 18,000-க்குப் பேசி, குடுத்துட்டு, நல்ல மனுஷன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க. பெரிய சாமான் கண்ணுக்குத் தெரியுதுல்ல. கம்ப்ரசர் மாத்த பெல்ட் கழட்டறப்ப புல்லியையும் சேத்து மாத்திடுவாங்க சார். சத்தம் போயிடும். கம்ப்ரசர்தான் போயிருந்திச்சுன்னு நீங்களும் நம்பிடுவீங்க."

மாமா வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் சொட்டு விட்ட பெல்ட் மாதிரி. நான் 1,310-ஐ எண்ணிக் கொடுத்தேன்.

வரும் வழியெல்லாம் பாய் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள். பொய் எஸ்டிமேட் கொடுக்கிறார்கள் என்று நாம் புலம்புகிறோம். சரி. ஆனால் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம்? சாமானுக்குக் கொடுக்கிறோம். பெரிய டப்பாவில் வந்தால் பெரிய காசு. 'இதில் ஒன்றுமில்லை, சின்ன பேரிங்தான்' என்று உண்மையைச் சொல்கிறவனுக்கு? 'அப்ப எதுக்கு இவ்வளவு கூலி?' டாக்டரிடமும் இதே கதைதான். பரிசோதித்துவிட்டு, 'உங்களுக்கு ஒண்ணுமில்லை, மருந்தே வேண்டாம்' என்று சொல்கிற டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க மனசு வராத நாம், ஏழு கலரில் மாத்திரை எழுதிக் கொடுத்தவரைக் கைராசிக்காரர் என்கிறோம். டி.வி. மெக்கானிக், ஃப்ரிட்ஜ் மெக்கானிக், மோட்டார் காயில் கட்டுகிறவர் எல்லோருக்கும் இதே கதி. கண்டுபிடித்ததற்குக் கூலி கிடையாது, மாற்றியதற்குத்தான் கூலி என்று நாம் சட்டம் போட்டிருக்கிறோம். அந்தச் சட்டத்தின்படி, கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் பட்டினி கிடப்பார்கள், மாற்றத் தெரிந்தவர்கள் கண்ணாடி அறை கட்டுவார்கள். டை கட்டின அந்த இளைஞரையும் நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை, அதற்குச் சம்பளம் தரவும் இல்லை.

பாயிடம் முன்பு மூன்று பையன்கள் இருந்தார்களாம். இப்போது அந்த ஒருவன்தான். மற்ற இரண்டு பேரும் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டார்கள். "அங்க கையில அழுக்கு இல்ல சார், பேரமும் இல்ல" என்றார் பாய். சுத்தியலை எங்கே அடிக்கக் கூடாது என்று அந்த ஒரு பையனுக்காவது தெரிந்திருக்கிறது. அவனும் போய்விட்டால் அப்புறம் நம் எல்லோர் காரிலும் கம்ப்ரசர்தான் போகும்.

வாசகர்களுக்குச் சில யோசனைகள். கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, கர்ர்ர் கேட்டால் ஏ.ஸி.யை அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் கத்தினால் சந்தேகம் முதலில் டென்ஷனர் புல்லி மேல், அடுத்து கம்ப்ரசர் மூக்கில் இருக்கிற கிளட்ச் பேரிங் மேல். அதையும் பெரும்பாலும் தனியாக மாற்றலாம். ஏ.ஸி. போட்டால் மட்டும் கத்தினால், கம்ப்ரசரைச் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. சில புது வண்டிகளில் கிளட்ச்சே கிடையாது. அவற்றுக்கு இந்தப் பரிசோதனை செல்லாது.

இரண்டு, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள். பேரிங் இறுகி நின்றுவிட்டால் பெல்ட் உரசிக் கருகி அறுந்துபோகும். தனி பெல்ட் வண்டியில் ஏ.ஸி. மட்டும்தான் போகும். ஆனால் பல வண்டிகளில் ஒரே நீளப் பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சுற்றுகிறது. அது அறுந்தால் பாட்டரி சார்ஜ் ஏறாது, ஸ்டியரிங் கல்லாகும், வாட்டர் பம்ப் நின்று இன்ஜின் கொதிக்கும். ராத்திரி விழுப்புரம் தாண்டி நிற்க வேண்டியிருக்கும். 230 ரூபாய் பேரிங், இன்ஜினையே காவு வாங்கிவிடும். பெல்ட்டைக் கழற்றிச் சோதிப்பதும் அந்த வண்டிகளில் ஒரு சில விநாடிதான்.

மூன்று, எல்லாப் புல்லியிலும் பேரிங் தனியாக வராது. தகரத்தை மடித்து ஒரேயடியாக அடைத்ததும் உண்டு. அதற்குப் புல்லியோடுதான் மாற்ற வேண்டும். அப்போதும் கம்ப்ரசர் விலை ஆகாது.

நாலு, எது மாற்றினாலும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். என் பழைய 6203 இப்போது மேஜை மேல் பேப்பர் வெயிட். விரலால் சுற்றினால் இன்னும் 'கர கர' என்கிறது.

கடைசியாக ஒன்று. எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டது, அதில் கம்ப்ரசருக்குத் தனி மோட்டார், பெல்ட்டும் கிடையாது, டென்ஷனரும் கிடையாது என்று மச்சினன் சொல்கிறான். வாஸ்தவம்தான். ஆனால் அந்த மோட்டாருக்குள்ளும் ஏதோ ஓர் எண் போட்ட பேரிங் இருக்கத்தான் போகிறது. அதுவும் ஒருநாள் கர்ர்ர் என்னத்தான் போகிறது. அன்றைக்கும் யாராவது காது வைத்துக் கேட்டால்தான் நம் பர்ஸ் பிழைக்கும்.

அதனால் பாயிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். அடுத்த தடவை பில் எழுதும்போது லேபர் 600 என்று மொத்தமாக எழுத வேண்டாம். கை 200, காது 400 என்று பிரித்து எழுதுங்கள். பக்கத்து ஃப்ளாட் மாமா எதில் பேரம் பேசுகிறார் பார்க்கலாம்.